பங்காளிப் பூக்கள்

விடிவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வாளியில் தண்ணீரோடு மாடியேறிய நாகஜோதி கடைசிப் படியில் திடுக்கிட்டு நின்றாள்.

அவளுடைய டிராகன் பழச் செடிக்குள் எவனோ ஒருவன் தலையை விட்டுக்கொண்டு நின்றான்!

மூன்று வருஷமாக அவள் கண்ணும் கருத்துமாக வளர்க்கிற செடி. நாலு சிமெண்ட் தொட்டி, தொட்டிக்கு நடுவே கல்தூண், தூண் தலையில் பழைய டயர்... டயரைத் தாண்டி நாலா பக்கமும் தொங்கும் முள்ளுத் தண்டுகள். அதில் நேற்றிரவுதான் மூன்று பூ விரிந்திருந்தது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரே ராத்திரிதான் அவற்றின் ஆயுசு, வெயில் ஏறினால் தலை தொங்கிவிடும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நாகஜோதி வாளியைத் தூக்கி அப்படியே அவன்மேல் ஊற்றினாள்.

"யாருண்ணே நீங்க? யார் வீட்டு மாடியில வந்து என்ன செய்றீங்க?"

திருடனைக்கூட அண்ணே என்று கூப்பிடும் ஊர் இது. என்ன செய்ய?

திருடன் திரும்பினான். ஒரு கையில் பெயிண்ட் பிரஷ், இன்னொரு கையில் குங்குமச் சிமிழ். நனைந்த இமைகளில் தண்ணீர் சொட்ட, இரண்டு பெரிய கண்கள் மலங்க மலங்க அவளைப் பார்த்தன. இம்புட்டு அழகான கண்ண வச்சுக்கிட்டா திருட வாரது... என்று ஓடிய நினைப்பை நாகஜோதி அங்கேயே அதட்டி உட்கார வைத்தாள்.

"போச்சு..." என்றான் அவன், பூக்களைப் பார்த்து. "மூணும் போச்சுங்க. உள்ள தண்ணி இறங்குனா மகரந்தம் நாசமாயிரும்ல... கொஞ்சம் பாத்து ஊத்தக்கூடாதா?"

"எது? எம் பூவத் திருட வந்துட்டு எனக்கே புத்தி சொல்றீங்களா?"

"பூவ யாருங்க திருடுனா? தூளத்தான்... கொஞ்சூண்டு..."

பெயர் சூரியபிரகாஷ். பக்கத்து வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன். இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற வேலை. அவனிடமும் நாலு தொட்டி டிராகன் செடி இருந்தது. வெள்ளைச் சதை ரகம். காய்க்கிறது, ஆனால் கோழிமுட்டை அளவைத் தாண்டுவதில்லை. வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவினால் பழம் திரண்டு வரும் என்று தெரிந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்துவிட்டான்.

"கேட்டுட்டு வந்தா என்ன?"

"காலைல நாலு மணிக்குக் கதவத் தட்டி, கொஞ்சம் தூள் குடுங்கன்னா கேக்குறது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் நாகஜோதிக்குக் கோபம் இன்னும் அதிகமாகும்.

"உங்களுக்காவது முட்டையளவு காய்க்குது! எனக்கு மூணு வருஷமா ஒரு பிஞ்சு நிக்கல. மீன் கழுவுன தண்ணி, வாழைப்பழத் தோலு, பஞ்சகவ்யம்... என்னத்தச் சொன்னாலும் ஊத்தியாச்சு. பூக்குது, மஞ்சளாகுது, பொத்துன்னு விழுகுது."

அவன் நாலு தொட்டியையும் நிதானமாகச் சுற்றி வந்தான்.

"இது பூராம் ஒரே செடில ஒடிச்சு வச்ச குச்சியா?"

"ஆமா. எங்க சித்தி ஒரு குச்சி குடுத்தாக. அது வளரவும் அதுலயிருந்து மூணு ஒடிச்சு வச்சேன்."

அவன் சிரித்துவிட்டான்.

"அப்ப நாலும் பங்காளிங்க. பங்காளிக்குள்ள சம்பந்தம் வைக்கச் சொன்னா எப்பிடிங்க வைக்கும்? இந்தச் செவப்பு ரகம் பாதிக்கு மேல இப்பிடித்தான். தன் தூளு தனக்கு ஆகாது. வேற கொடியிலருந்து வந்தாத்தான் காய் பிடிக்கும்."

மூன்று வருஷம்! எத்தனை வீடியோ, எத்தனை பேரிடம் கேள்வி! ஒருத்தராவது இதைச் சொன்னார்களா? சொல்லவும் ஒரு ஆள் வந்தது, அதுவும் சுவரேறிக் குதித்து வந்தது. நாகஜோதிக்குத் தொட்டியிலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் தவிப்புக்குக் காரணம் இருந்தது. முள்ளுச் செடி வீட்டில் இருந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அம்மா பாண்டியம்மாள் அரிவாளைத் தீட்டாத குறை. தினம் ஒரு சண்டை. ஒருநாள் பொறுக்க முடியாமல் நாகஜோதி கத்திவிட்டாள்: "ஆடி முடியிறதுக்குள்ள ஒரு காயாவது பிடிக்கும், பாத்துக்கிட்டே இரு. பிடிக்கலேன்னா செடிய வெட்டிரு. ஆவணியில நீ காட்டுற மாப்பிள்ளைக்கு வாயத் தொறக்காம தலையாட்டுறேன்!"

பாண்டியம்மாள் அதை விடுவாளா? அந்த நிமிஷமே குலசாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, மகளைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாள். அந்த ஆடியில்தான் இப்போது மூன்று பூவும் வாளித் தண்ணீரில் போயின.

"அடியே... யாருடி அது?"

பாண்டியம்மாளின் குரல் படியேறி வந்தது. இருட்டு விலகாத மாடி, சொட்டச் சொட்ட நனைந்த வாலிபன், பக்கத்தில் மகள். நாகஜோதி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அண்ணேம்மா... பக்கத்து வீட்டு அண்ணே! செடியப் பாக்க வந்தாக!"

அந்த ஒரு சொல்லைப் பாண்டியம்மாள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் என்றால் பயமில்லை பாருங்கள். "அப்பிடியா தம்பி... கூடப்பிறந்தது இல்லாத பிள்ளை இது. அண்ணனா இருந்து பாத்துக்கய்யா" என்று காபி வேறு போட்டுக் கொடுத்தாள். சூரியபிரகாஷின் முகம் போன போக்கைப் பார்க்க நாகஜோதிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல் ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அதன்பிறகு அண்ணன் தினமும் வந்தார். பகல் வெளிச்சத்தில், பாண்டியம்மாளின் அனுமதியோடு.

"இதென்ன, தண்டக் கண்டபடி விட்டு வச்சிருக்கீங்க? உள்ள வெயிலே போகலையே. பாதிய வெட்டுங்க."

"வெட்டுறதா? பெத்த பிள்ளை மாதிரி வளத்துருக்கேன்!"

"பிள்ளைக்கும் முடி வெட்டத்தானே செய்றோம்?"

அவள் முறைத்துக்கொண்டே வெட்டினாள். தினம் ஊற்றிய தண்ணீரை மண் காய்ந்த பிறகு ஊற்றினாள். ஒரே தண்டில் நெருக்கியடித்து வந்த மொட்டுகளில் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளச் சொன்னபோது மட்டும் கண் கலங்கிவிட்டாள். "ஒண்ணு நல்லா இருக்கட்டுமே ஜோதி" என்றான் அவன், மெதுவாக. முதல் தடவையாகப் பேர் சொல்லி... அன்று தல்லாகுளத்தில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒருவருடைய சர்க்கரை அளவை இன்னொருவர் பேரில் எழுதி, நல்லவேளையாகத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பாண்டியம்மாள் செல்லூர் வரனைக் கொண்டுவரும் வரை.

"ஆடியில பேச்செடுக்கக் கூடாது. ஆனா விசாரிச்சு வைக்கலாம்ல? எங்க வீட்டுல அவுகளுக்கு லாரி ஓட்டவே நேரம் பத்தல. தம்பி... அண்ணன் முறைக்கு நீதான்யா செல்லூர் போயி, பையன் எப்பிடின்னு பாத்துட்டு வரணும்."

அவன் மறுப்பான் என்று நாகஜோதி நம்பினாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் பேசாமல் தரையைப் பார்த்தாள். அவள் ஏன் பேசவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவன் போனான். போய்விட்டு வந்து ரிப்போர்ட்டும் கொடுத்தான்.

"பையன் மருது... நல்ல பையன்தாம்மா. சொந்தத் தறிப்பட்டறை. குடி, சிகரெட் இல்ல. தெருவுல நாலு பேர்கிட்ட கேட்டேன், நல்லவிதமாத்தான் சொல்றாக."

அன்று சாயங்காலம் மாடியில் இடி இடித்தது. மழை இல்லை, நாகஜோதிதான்.

"நல்ல பையன்னு சொன்னீங்களாமே?"

"நல்ல பையன்தானே. டேமேஜ் இல்லாத வண்டிய டேமேஜ்னு எப்பிடிங்க எழுதுறது?"

"வண்டியா? கல்யாணம் உங்களுக்கு வண்டியா?"

"பின்ன நான் என்ன செய்யணும்? பிடிக்கலேன்னா நீங்க சொல்லிருக்கணும். வாய்க்கு வாய் அண்ணே அண்ணேங்கிறீங்க. அண்ணன் வேலையத்தான் பாத்தேன்!"

"ரொம்ப நல்லாப் பாத்தீங்க! இனிமே எஞ்செடிப் பக்கம் வராதீங்க. உங்க தூளும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

அவனும் ரோஷக்காரன். வரவில்லை. இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான், ஆனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இவள் துணி காயப்போட வந்தால் அவன் இறங்கிவிடுவான். அவன் செருப்புச் சத்தம் கேட்டால் இவள் குழாயைத் திறந்துவிடுவாள். ராத்திரி படுத்தால் மட்டும் அந்த நனைந்த கண்கள் வந்து நின்றன. சே... என்ன மனுஷன்! பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன்!

ஆடி முடியப் போனது. சண்டைக்கு நடுவே விரிந்ததெல்லாம் வழக்கம்போல் மஞ்சளாகி விழுந்துவிட, மிச்சமிருந்தது ஒரே ஒரு மொட்டு.

அது விரிந்த ராத்திரி பார்த்து, அழகர்மலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. விடியும் நேரத்தில் தூறல் விழ, நாகஜோதி குடையோடு மாடிக்கு ஓடினாள். பூ முழுசாக விரிந்து நின்றது. குடையைப் பிடித்தாள்... பிடித்து? வேற்றுக்கொடித் தூளுக்கு எங்கே போவாள்? வராதே என்று சொன்னவளே போய்க் கூப்பிடுவதா? சுவர் வரை போனாள், திரும்பினாள். மறுபடியும் போனாள். காற்று குடையை முறுக்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"குடையச் சாய்ச்சுப் பிடிங்க. சாரல் அடிக்குது."

சுவரின் மேல் அவன். ஒரு கையில் பிரஷ், மறு கையில் அந்தக் குங்குமச் சிமிழ்.

"போன வாரம் என் செடி பூத்துச்சு. தூள எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சிருந்தேன்... செடி மேல எனக்கென்ன கோவம்?"

இருவரும் ஒரே குடைக்குள் குனிந்தார்கள். அவன் பிரஷ் முனையில் மஞ்சள் தூளைத் தொட்டு, பூவின் நடுவில் விரல்கள் விரித்தாற்போல் நின்ற சூல்முடியில் மெல்லத் தடவினான். அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. மழை குடைமேல் பேசிக்கொண்டே இருந்தது.

"அண்ணே... இது காய்க்குமா?"

"காய்க்கலேன்னா அடுத்த பூ. ஒரு பூவுக்கா இம்புட்டு அழுகை?"

"அடுத்த பூ இல்லண்ணே!" உடைந்துபோய், கற்பூரம், சத்தியம், பந்தயம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தாள். அவன் கையில் பிரஷ் நின்றுவிட்டது.

"அப்ப... இது விழுந்தா செல்லூரா?"

"செல்லூர்தான். நீங்கதான் நல்ல பையன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே!"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மனுஷியா நீங்க? இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேணாமா?" என்றவன், சிமிழில் மிச்சமிருந்த தூள் முழுவதையும் அந்த ஒரே பூவில் தடவிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

ஆடி கடைசி நாள் காலை. பாண்டியம்மாள் அரிவாளோடு மாடியேறினாள். பின்னாலேயே நாகஜோதி. சுவருக்கு அந்தப் பக்கம், எப்போதிருந்து நின்றானோ, சூரியபிரகாஷ்.

பூ வாடித் தொங்கியது. பாண்டியம்மாள் அதைப் பிடித்து இழுத்தாள். பூ மட்டும் கையோடு வந்தது. காம்பில் பச்சைப் பசேலென்று ஒரு காய், அசையாமல் உட்கார்ந்திருந்தது. நெல்லிக்காயைவிடப் பெரிசு. தட்டினாள், விழவில்லை. அமுக்கினாள், கல் மாதிரி இருந்தது.

"அட... நெசமாவே பிடிச்சிருக்கேடி! எப்பிடி தம்பி இது? மூணு வருஷமா இல்லாம..."

"வேற கொடியோட தூளு வச்சது அத்தே."

பாண்டியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். நாகஜோதியும்தான். அம்மா என்று கூப்பிட்டவன்... அத்தே என்கிறான்.

"என்னன்னு கூப்பிட்ட?"

"அத்தேன்னு. செல்லூர் ரிப்போர்ட்டுல தப்பில்ல. மருது நல்ல பையன்தான். ஆனா ஒண்ண எழுதாம விட்டுட்டேன்... எனக்கு உங்க மகளப் பிடிச்சிருக்கு."

அரிவாள் பாண்டியம்மாளின் கையிலேயே இருந்தது. அவள் மகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அண்ணன் ஆக்கிவிட்ட அவசரத்தில் முதல்நாள் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே குலசாமி கும்பிட்டால் பங்காளி. பங்காளி என்றால் நெசமாகவே அண்ணன் தங்கச்சி. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.

"உங்க குலசாமி எது?"

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். மேலூர்ப் பக்கத்து அய்யனார் மட்டும் வேண்டாம்... அவர் தங்கள் சாமி. அய்யனாரப்பா, இந்த ஒரு ஆள் மட்டும் உன்னைக் கும்பிடாதவனாக இருக்கட்டும்!

"திருமங்கலத்துக்குத் தெக்க... அங்காள ஈஸ்வரி."

பாண்டியம்மாள் விட்ட மூச்சு சுவர் தாண்டிக் கேட்டது. அரிவாளைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"சாமி வேறதான். அவுககிட்டயும் பேசணும்... ஏன்டி, நீ வாய்க்கு வாய் அண்ணேன்னு கூப்பிட்டியேடி?"

"ஆட்டோக்காரரையும் அண்ணேன்னுதானம்மா கூப்பிடுறேன்! அண்ணனாக்குனது நீ! அண்ணன் வேலை பாத்தது இவுக!" நாகஜோதியின் குரல் தெருமுனை வரை போனது. கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிவப்பு. "ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிடிச்சிருக்கும்மா... மொத நாள்லருந்து பிடிச்சிருக்கு... போதுமா?"

சொல்லிவிட்டு அவனைப் பார்க்க வெட்கப்பட்டு, செடியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"போதும் ஜோதி" என்றான் சூரியபிரகாஷ். இந்தத் தடவை அவன் சுவரேறிக் குதிக்கவில்லை. படியிறங்கி, வாசல் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.