கொலைச் சட்டை... ஆறு வயசு சைஸ்!

போன் அலறியது.

நர்ஸம்மா எடுத்துக் காதில் வைத்தாள். அடுத்த விநாடி, போனைவிடச் சத்தமாக அவளே அலறினாள்.

"ஐயோ... கொலை!"

சமூகக்கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மொத்தம் என்றால் இரண்டே பேர். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா. மேடையில் தன் முகம் போட்ட பேனரைத் தானே கட்டிக்கொண்டிருந்த நற்பணி மன்றத் தலைவர்.

"யாரு செத்தது?" என்றாள் தையல்காரம்மா, மெஷினை நிறுத்தாமலே.

"இன்ஸ்பெக்டர் பேசறாரு அக்கா! நமக்கு வந்த பழைய துணில ஒரு சட்டை இருக்காம். காப்பிக் கலர்ல கட்டம் போட்டது. மூணாவது பட்டன் மட்டும் வெள்ளையாம். வெள்ளிக்கிழமை அந்தப் பழைய கார் வியாபாரியைக் குத்திக் கொன்னாங்களே... கொன்னவன் போட்டிருந்த சட்டையாம்! யாரும் தொடக்கூடாதாம். வந்துக்கிட்டே இருக்காராம்!"

மெஷின் நின்றது.

"தொடக்கூடாதா?"

"விரல்கூடப் படக்கூடாதாம்!"

தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

"நேத்தே வெட்டிட்டேனே..."

நர்ஸம்மா இரண்டாவது முறையாக அலறினாள்.

தையல்காரம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தைக்குப் பின்னால் இருக்கும் குடிசைகளில் இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள். நாளைக் காலை பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்று மாலை நாலு மணிக்கு அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு மூட்டை துணி கொடுப்பதாக ஏற்பாடு. 'குழந்தைகளுக்குத் துணி தாருங்கள்' என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஊர் தாராளமாகத் தந்தது... தொப்பைக்காரர்களின் சட்டைகளை!

சளைக்கவில்லை அவள். ஒரு தொப்பைச் சட்டையை வெட்டினால் இரண்டு சின்னச் சட்டை. நூலும் ஊசியும் வாங்க ஒரு குக்கரைப் பரிசாக வைத்துக் குலுக்கல் டிக்கெட் விற்றார்கள். குக்கர் தலைவரின் மச்சினருக்கே விழுந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்பது வாரம் ராப்பகலாக மெஷினை மிதித்து, முழங்கால் வீங்கிப்போய், இன்று காலைதான் கடைசி மூட்டையைக் கட்டியிருந்தாள்.

அளவெடுக்கப் போன அன்றைக்கு ஒரு சிறுமி கேட்டாள். "இது எனக்கு மட்டுமா? இல்ல, தம்பியும் நானும் மாத்தி மாத்திப் போட்டுக்கணுமா?"

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. ஒரு நாள் அக்கா பள்ளிக்கூடம் போவாள், மறுநாள் தம்பி போவான்.

"உனக்கே உனக்குத்தான்டி கண்ணு. எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு," என்று சொல்லிவிட்டு வந்தவள், வழியெல்லாம் அழுதாள். அந்த வாக்கு இன்று நாலு மணிக்குள் நிறைவேற வேண்டும்.

வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். முதலில் தொப்பை, பிறகு தொப்பி, அதற்குப் பிறகு மீதி. பின்னால் ஒரு பெண் ஏட்டு, இருபது வருடத்துக்கு மேல் சல்யூட் அடித்துக் களைத்துப்போன முகத்தோடு.

"எங்கே சட்டை?"

"எந்தச் சட்டையைக் கேக்கறீங்க சார்? அது இப்ப ரெண்டு சட்டை," என்றாள் தையல்காரம்மா.

"என்னது?!"

"ஆறு வயசு சைஸ். நல்லா வந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது சாட்சியம்! சாட்சியத்தை அழிச்சிருக்கீங்க!"

"அழிக்கல சார். சின்னதாக்கியிருக்கேன்."

"தொவைச்சீங்களா?"

"தொவைக்காம குழந்தைங்களுக்குக் கொடுப்பாங்களா? ரெண்டு தடவை சோப்பு. அப்புறம் வெந்நீர்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். கோபப் பெருமூச்சு மாதிரித் தெரியவில்லை.

"அந்த ரெண்டு சட்டையும் எந்த மூட்டையில இருக்கு?"

"ஆறு வயசு மூட்டை முப்பது இருக்கு சார். அதுல ஏதோ ரெண்டுல. கொஞ்சம் பொறுங்க, பிரிச்சுப் பார்த்துடலாம்."

"பிரிக்கக் கூடாது! ஏட்டு... எல்லா மூட்டையையும் வேன்ல ஏத்துங்க!"

"எல்லாத்தையுமா?!" தையல்காரம்மா எழுந்துவிட்டாள். "எப்ப சார் திருப்பித் தருவீங்க?"

"கேஸ் முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"ஆறு வருஷம் ஆகும். ஏழு வருஷமும் ஆகும்."

"அதுக்குள்ள ஆறு வயசுக்காரனுக்கு மீசை முளைச்சிடும் சார்!"

தலைவர் மேடையிலிருந்து தொப்பை குலுங்க இறங்கி ஓடி வந்தார். அறுபத்தெட்டு வயது. தலைமுடி மட்டும் இருபத்தெட்டு வயது... கன்னங்கரேல்! 'எங்கம்மா தேய்ச்ச எண்ணெய்' என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"இன்ஸ்பெக்டர் சார், நாங்க முழு ஒத்துழைப்புக் கொடுக்கறோம். பத்திரிகைக்காரங்க வருவாங்களா?"

"தலைவரே, கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள் தையல்காரம்மா. ஏட்டம்மா முதல் மூட்டையைத் தூக்கிவிட்டாள். இன்னும் இருநூற்றுப் பதிமூன்று.

"சார்... கொலைகாரன் யாருன்னு நான் சொல்லிட்டா, மூட்டைங்களை விட்டுடுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். தொப்பையும் சேர்ந்து சிரித்தது.

"சொல்லுங்களேன்! இந்த நிமிஷமே விட்டுடறேன்."

"ஏட்டம்மா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

மெஷினுக்கு அடியில் கிடந்த பையை இழுத்தாள். வெட்டி மிஞ்சிய துண்டுகள். உள்ளே கைவிட்டுத் துழாவி, ஒன்றை எடுத்து நீட்டினாள்.

காப்பிக் கலர். கட்டம் போட்டது. ஒரு காலர்!

"பெரியவங்க காலர் சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது. தலையணைல அடைக்கலாம்னு எடுத்து வச்சேன்."

"கொடுங்க அதை!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

"இருங்க சார், ஓடியா போகப் போகுது? நர்ஸம்மா, இதோட உள்பக்கம் என்ன தெரியுது?"

நர்ஸம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கறுப்பா... கறை."

"ரத்தமா?"

"நான் பார்க்காத ரத்தமா? இது ரத்தம் இல்ல அக்கா."

"ரத்தம் இருந்திருந்தா சோப்புலயே போயிருக்கும். இது எதுக்கும் அசையல. முப்பது வருஷமா ஊர்ல இருக்கற காலரெல்லாம் தைக்கறேன், எனக்குத் தெரியாதா? இது தலைக்கு அடிக்கற டை!"

கூடத்தில் இருந்த எல்லாக் கண்களும் ஒரே தலையை நோக்கித் திரும்பின.

தலைவரின் தலை!

"என்னை ஏன் பார்க்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை நன்கொடை கேட்டு அந்தக் கார் வியாபாரிகிட்ட யாரு போனது?" நர்ஸம்மா விரலை நீட்டினாள். "நீங்கதானே? அவர் தரமாட்டேன்னு சொல்லி, 'உன் பேனரை நீயே போர்த்திக்கிட்டுத் தூங்கு'ன்னு விரட்டிட்டார்னு நீங்கதானே வந்து குதிச்சீங்க?"

"குதிச்சேன்... குத்தலையே!"

இன்ஸ்பெக்டருக்குத் திடீரென்று உற்சாகம் பொங்கியது. "அப்படிப் போடுங்க! காரணம் இருக்கு. டை இருக்கு. தொப்பையும் இருக்கு. வாங்க தலைவரே, மீதியை ஸ்டேஷன்ல பேசலாம்."

கைவிலங்கு பளபளத்தது.

தலைவர் பின்வாங்கினார். உதட்டைக் கடித்தார். பேனரில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு... இரண்டு கைகளாலும் தலைமுடியைப் பிடித்து...

கழற்றினார்!

முழு வழுக்கை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு எதிர்ச்சுவரில் விழுந்தது.

"டை அடிக்க எனக்கு முடியே இல்லய்யா!" என்று கதறினார். "பதினொரு வருஷமா விக்! என் சம்சாரத்துக்கே தெரியாது!"

நர்ஸம்மா மூன்றாவது முறையாக அலறினாள். கொலைக்கு அலறியதைவிட இது அதிகம்.

தையல்காரம்மா தலையில் கைவைத்தாள். போச்சு! தவறான ஆளைக் கைகாட்டியாகிவிட்டது. பாவம், மனிதரின் மானத்தையும் வாங்கியாகிவிட்டது. மணி பன்னிரண்டரை. மூட்டைகள் வேனுக்குப் போகப் போகின்றன.

"சரி சரி, விளையாட்டு முடிஞ்சது," என்றார் இன்ஸ்பெக்டர். கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் மெஷின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி, வெள்ளைக் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார்.

கைக்குட்டை கறுப்பானது.

தையல்காரம்மா அதைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்காமல் தானாகவே திறந்தது.

"சார்... ஒரு சின்ன சந்தேகம். கொலைகாரனை யாரு பார்த்தது?"

"எதிர்ல பஞ்சர் ஒட்டறவன்."

"மூஞ்சியைப் பார்த்தாரா?"

"ஓடும்போது முதுகைத்தான் பார்த்தான். காப்பிக் கலர் கட்டம்னு சொன்னான். அவ்வளவுதான்."

"முதுகுப் பக்கமா பட்டன் வச்ச சட்டையை நான் இதுவரை தைச்சதே இல்லையே சார். போன்ல நீங்க, மூணாவது பட்டன் வெள்ளைன்னு சொன்னீங்களாமே... யாரு பார்த்துச் சொன்னது?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைச் சட்டென்று பாக்கெட்டில் திணித்தார்.

"அது... தகவல்!"

"சட்டை இங்க வந்திருக்குன்னு சொன்னதும் தகவல்தானா?"

அவள் பட்டன் டப்பாவைத் திறந்து, அந்த வெள்ளை பட்டனைத் தேடி எடுத்தாள். நூல் இன்னும் அதில் சுற்றியிருந்தது. "பாருங்க இதை. எவளோ ஊசியே பிடிக்கத் தெரியாதவ, சாக்குமூட்டை கட்டற மாதிரி நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கா..."

"நான்தான்மா அது."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. ஏட்டம்மா மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏட்டு! வாயை மூடு!"

"இருபத்திரண்டு வருஷமா மூடிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். திருடனைப் பிடிக்கலாம்னு போலீஸ்ல சேர்ந்தேன். நீங்க உங்க வீட்ல இஸ்திரி போட விட்டீங்க, பட்டன் தைக்க விட்டீங்க. அன்னிக்கு என் கைல இருந்தது வெள்ளை பட்டன் ஒண்ணுதான். அம்மா... அது இவரு சட்டை! நேத்துக் காலைல இவரு சம்சாரம் பழைய துணின்னு ஒரு மூட்டையை உங்க ஆளுங்ககிட்ட தூக்கிக் கொடுத்தப்ப, நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்!"

இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அவகிட்ட! என்னைக் கேக்காம என் துணியைத் தொடாதேன்னு... பீரோவுக்கு அடியில ஒளிச்சு வச்சதைக்கூட இழுத்துத் தர்மம் பண்ணியிருக்கா!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"திருட்டுக் கார் விக்கற காசுல இவருக்கும் பங்கு," என்றாள் ஏட்டம்மா அமைதியாக. "மேல சொல்லிடுவேன்னு அந்த வியாபாரி மிரட்டிக்கிட்டிருந்தான். ஸ்டேஷன்ல எல்லாருக்கும் அரசல்புரசலாத் தெரியும். கொல்ற அளவுக்குப் போவாருன்னுதான் தெரியல."

இன்ஸ்பெக்டரின் கையில் துப்பாக்கி முளைத்தது!

"காலரைக் கொடுடி! பட்டனையும்!"

தையல்காரம்மா பட்டனை உள்ளங்கையில் இறுக்கினாள். காலரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதைக் கொடுத்தால் உயிர் மிஞ்சலாம். மூட்டை ஒன்றும் மிஞ்சாது.

"தர மாட்டேன்!"

துப்பாக்கி உயர்ந்தது.

பறந்து வந்தது ஒரு கறுப்பு வஸ்து. இன்ஸ்பெக்டரின் முகத்தில் அப்பிக்கொண்டது. 'பூனை... பூனை...' என்று அலறியபடி அவர் பின்னால் நகர, மூட்டை தடுக்க, மல்லாக்க விழ... 

தலைவரின் விக்!

குறி தவறாமல் எறிந்த தலைவர் தன் கையைத் தானே நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் போட்டோ எடுக்க ஆளில்லாமல் செய்த முதல் நல்ல காரியம் அது.

அடுத்த நொடி துப்பாக்கி நர்ஸம்மாவின் காலடியில் கிடந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பையின் மேல் ஏட்டம்மா உட்கார்ந்திருந்தாள். 'க்ளிக்'! சர்வீஸில் அவள் பூட்டிய முதல் விலங்கு.

"மேலதிகாரிக்குப் போன் பண்ணிட்டேன். வர்றாங்க," என்றாள் மூச்சு வாங்க. "அம்மா, மூட்டை எல்லாம் உங்களுக்குத்தான். ஆனா அந்த ரெண்டு சின்னச் சட்டையும் எனக்கு வேணும். அது இல்லேன்னா கேஸ் நிக்காது."

முப்பது மூட்டைகளையும் பிரித்தார்கள். சட்டைகள் கிடைத்தன. முப்பதையும் திரும்பக் கட்டி முடித்தபோது மணி இரண்டு.

"இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துடலாமே," என்றார் தலைவர், வழுக்கையைத் தடவியபடி. "ரெண்டே ரெண்டு பேர்தானே? அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"அந்த ரெண்டு பேர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்களா?" தையல்காரம்மா சீறினாள். "ஆளுக்கொண்ணுன்னு சொல்லியிருக்கேன். ஆளுக்கொண்ணுதான்!"

கூடத்தில் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. கடைகள் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவள் சுற்றிலும் பார்த்தாள். மூலையில் விலங்கோடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் வந்து கண் நின்றது. தோளைப் பார்த்தாள். தொப்பையைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

"ஏட்டம்மா..."

"சொல்லுங்கம்மா?"

"அந்தக் காக்கியைக் கழட்டச் சொல்லுங்க. இனிமே அவருக்கு அது எதுக்கு? தாராளமா ரெண்டு சட்டை தேறும்... பேன்ட்ல ரெண்டு டவுசர் இலவசம்!"