ஈரத் தீப்பெட்டியின் மூல நாடா

காலை 10.20.

ஒலிப்பதிவாளர் டேப் மாமா அலமாரியிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்தார். பெட்டியிலிருந்து நாடாச் சுருளை எடுத்தார். இயந்திரத்தில் மாட்டினார், நுனியை எதிர்ச் சுருளில் கோத்தார், பட்டனை அமுக்கினார்.

10.21.

மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு மூல நாடாவிலிருந்து அந்தக் குரல் வரப்போகிறது.

வரவில்லை. 10.30க்கும் வரவில்லை. சுருள் மட்டும் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூல நாடா இருக்க வேண்டிய பெட்டியில் யாரோ வெற்று நாடாவை வைத்திருந்தார்கள்.

'ஈரத் தீப்பெட்டி' என்ற இசைக்குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. விற்றது முந்நூற்றுப் பதினொன்று. அந்தக் குரலைக் கேட்டவர்களில் பாதிப் பேர் பாடுவது பெண் என்றார்கள். மீதிப் பாதி, மனிதப் பிறவியே இல்லை என்றார்கள். அது முதன்முதலாக வானொலியில் ஒலித்தபோது நான்கு தெரு நாய்கள் எழுந்து நின்றன. விவாகரத்து கேட்டிருந்த ஒரு தம்பதி சேர்ந்துவிட்டார்கள், வானொலி நிலையத்தின் மேல் கூட்டாகப் புகார் கொடுப்பதற்காக. பிறகு குழுவை எல்லோரும் மறந்துபோனார்கள். போன வருடம் யாரோ ஒரு பாட்டை இணையத்தில் போட, இளவட்டங்கள் பைத்தியமாகிவிட்டார்கள். இப்போது அந்தக் குரலைப் பச்சை குத்திக்கொண்டவர்கள்கூட இருக்கிறார்கள். குரலை எப்படிப் பச்சை குத்துவது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இணையத்தில் போட்ட அந்த 'யாரோ', பாடகரின் மகள். பாடகரை நண்பர்கள் ஏணி என்பார்கள்; உயரம் அப்படி. இப்போது பொய்ப்பல் செய்யும் தொழில். ஞாயிற்றுக்கிழமை நாலாயிரம் பேர் முன்னால் அவர் பாட வேண்டும். மகள்தான் ஏற்பாடு. மேடையில் அவர் இதுவரை ஒரு தடவைகூடப் பாடியதில்லை. கூச்ச சுபாவம் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

10.45. மகள் போலீசுக்குப் போன் செய்ய மாடி ஏறினாள்.

"போலீஸ் எதுக்கும்மா?" என்று பின்னாலேயே ஓடினார் ஏணி. நெற்றி முழுக்க வியர்வை.

11.05. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயது அம்மாள், கடும் ஜலதோஷம். மகளையும் ஏணியையும் அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்து ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது.

"இதை எப்படித் திருப்பி மாட்டறது?"

"மாட்ட முடியாது மேடம்," என்றார் டேப் மாமா. "உள்ள இருக்கற ஆணி உடைஞ்சிருக்கு. வெளியிலிருந்துதான் திறக்கணும்."

கத்திப் பார்த்தார்கள். சத்தம் வெளியே போகாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்ட அறை அது. சுவரெல்லாம் மெத்தை, ஜன்னல் கிடையாது, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

"உங்க கான்ஸ்டபிள் மேல இருக்காரே, வர மாட்டாரா?" என்றார் தகரம். டிரம்ஸ் வாசித்தவர். காலையில் நாலு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்திருந்தார், அந்தக் கவலை முகத்தில் தெரிந்தது.

"நான் கூப்பிடாம இறங்கி வராதேன்னு சொல்லியிருக்கேன். என் ஸ்டேஷன்ல சொன்னதைச் செய்யற ஒரே ஆள் அவன்தான்."

"மேல் மாடி அச்சகக்காரர் சாப்பிட்டுட்டுத் தூங்க இங்க வருவார்," என்றார் டேப் மாமா. "ரெண்டு மணிக்கு."

"அப்ப மூணு மணி நேரம் இருக்கு," என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "திருடனும் உள்ள, நானும் உள்ள. எனக்கு இவ்வளவு வசதி இதுவரைக்கும் கிடைச்சதில்ல. அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட," என்றாள் மகள். "ஒரே சாவி. ஒரு வாரமா என் கழுத்துச் சங்கிலியில கிடக்கு."

"பூட்டும்போது பெட்டிக்குள்ள பார்த்தியா?"

"பார்த்தேன். சுருள் இருந்துச்சு."

"இன்னிக்கு என்ன நடந்துச்சு? ஒன்னு விடாம சொல்லு."

"சொல்லவே வேண்டாம் மேடம். ரசிகர்களுக்குக் காட்டணும்னு எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். மூக்கைச் சிந்தினார். தகரத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் இப்படி நெளியறீங்க?"

"டீ மேடம்."

"அது மட்டுந்தானா?"

"இந்த வயசுல அதுவே பெரிய விஷயம் மேடம்."

ஏணியைக் கேட்டபோது, நாடா தொலைந்ததில் தனக்குத் துக்கமே இல்லை என்றார். உடனே, துக்கம்தான் என்றார். பிறகு, வெயில் ஜாஸ்தி என்றார். ஜன்னலில்லாத அறை.

"மச்சான், நீ பேசாம இரு," என்றார் தகரம்.

12.15. காற்று கனத்துப்போனது. ஐந்து பேரின் மூச்சும் ஐந்து பேரையே சுற்றி வந்தது. மகள் சுவரில் சாய்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குத் தப்பிக்க ஏணி மூலைக்கு மூலை நகர்ந்தார். அறைக்கு நாலே மூலை.

"மாமா, ஏதாவது போடுங்களேன். இந்த அமைதி என் மூத்திரப்பையை அமுக்குது," என்றார் தகரம்.

டேப் மாமா நாடாப் பெட்டிகள் அடுக்கிய தாங்கியிலிருந்து பழைய சோப்பு விளம்பரம் ஒன்றை எடுத்தார். மாட்டினார். ஆனால் பட்டனை அமுக்கவில்லை. முதலில் முழு நாடாவையும் பின்னோக்கிச் சுற்றவிட்டு, கைகட்டி நின்றார். மூன்று நிமிடம் ஆனது.

"அதை எதுக்குச் சுத்தறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாடாவை எப்பவும் வால், அதாவது பாட்டு முடியற நுனி, வெளியே இருக்கற மாதிரிதான் வைக்கணும் மேடம்." டேப் மாமாவுக்குத் தொழில் என்றால் பேச்சு வந்துவிடும். "சுருள்ல ஒரு சுத்தோட சத்தம் பக்கத்துச் சுத்துல லேசா ஒட்டிக்கும். வால் வெளியே இருந்தா அந்த ஒட்டின சத்தம் பாட்டுக்குப் பின்னால எதிரொலி மாதிரி வந்து மறைஞ்சுடும். தலை வெளியே இருந்தா பாட்டுக்கு முன்னாடியே வந்து மானத்தை வாங்கும். அதனால கேக்கறதுக்கு முன்னாடி திருப்பிச் சுத்தியே ஆகணும். இங்க இருக்கற நானூறு பெட்டியும் அப்படித்தான்."

"என்னிக்காவது மறந்ததுண்டா?"

"நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல."

சோப்பு விளம்பரம் பாடி முடித்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை நிதானமாக மடித்து வைத்துக்கொண்டார்.

12.40.

"நாடாவை எடுத்தது நீங்கதான் சார்," என்றார் டேப் மாமாவிடம்.

மகள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாவி என்கிட்டல்ல இருந்துச்சு," என்றாள் மகள்.

"இருந்துச்சு. ஆனா நீ பூட்டினது காலி நாடாவை. நீ வரேன்னு போன் பண்ணின அன்னிக்கே மாத்தியாச்சு. பதிஞ்ச நாடாவும் பதியாத நாடாவும் பார்வைக்கு ஒன்னுதான், உனக்கு எப்படித் தெரியும்? திருட்டு முடிஞ்ச அலமாரிக்கு ஒரு வாரம் காவல் இருந்திருக்க." இன்ஸ்பெக்டர் டேப் மாமாவைப் பார்த்தார். "சோப்பு விளம்பரத்துக்கு மூணு நிமிஷம் திருப்பிச் சுத்தினீங்க. ஊரே காத்திருக்கற நாடாவைப் பத்து இருபதுக்கு எடுத்து, பத்து இருபத்தொன்னுக்குப் பட்டனை அமுக்கிட்டீங்க. உள்ள ஒன்னுமே இல்லன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் வாலும் தலையும் ஒன்னு."

டேப் மாமா தாங்கியின் அடித்தட்டிலிருந்து 'பல் துலக்கும் முறை: விளக்க உரை, பாகம் மூன்று' என்று எழுதிய பெட்டியை உருவினார். சுருளை மாட்டினார். திருப்பிச் சுற்றினார்.

"போடாதீங்க மாமா," என்றார் ஏணி.

"அதுல என்ன இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தகரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாட்டுக்கு நடுவுல நாங்க பேசினது இருக்கு மேடம். இசைத்தட்டுல வெட்டிட்டோம், மூல நாடால வெட்டலை."

நாடா ஓடியது. வாத்துக் குரலில் இளவயது ஏணி பேசினார்: "மாமா, டேப்பை மெதுவா விட்டாச்சு. நீங்க பாடுங்க." அடுத்து, நாலு தெரு நாய்களை எழுப்பிய அந்தக் குரல்.

"இசைத்தட்டு அட்டையை முன்கூட்டியே அச்சடிச்சுட்டோம்," என்றார் டேப் மாமா, குற்றப்பத்திரிகை படிக்கிற மாதிரி. "குரல்: ஏணின்னு. ஐந்நூறு அட்டை. அப்புறந்தான் இவன் பாடிக் கேட்டோம். வேற வழியில்லாம, நான் மெதுவா ஓடற நாடால மெதுவாப் பாடினேன். சரியான வேகத்துல ஓட்டினா குரல் மேல போயிடும். இருபத்தேழு வருஷம் யாரும் கேக்கலை. இப்பப் பெத்த பொண்ணு முன்னாடியே இவன் மாட்டிக்கறானேன்னு..."

ஏணி மகளைப் பார்க்காமல் சுவர் மெத்தையிடம் பேசினார். "எனக்குப் பாட வராதும்மா."

"தெரியும்பா."

அவர் திரும்பினார்.

"இருபத்து நாலு வருஷமா உங்க குளியலறைக்குப் பக்கத்து ரூம்ல தூங்கறேன். அந்தத் தொண்டையிலிருந்து இந்தக் குரல் வராதுன்னு பாட்டைக் கேட்ட அன்னிக்கே தெரியும். அப்ப யாருதுன்னுதான் தெரியலை. உங்க மூணு பேரையும் தனித்தனியாக் கேட்டுப் பார்த்தேன், வாயே திறக்கலை. அதான் போலீஸ்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"மாமா பாடட்டும். அவரோட சொந்த வேகத்துல."

"கிழவன் பாடற மாதிரி இருக்கும்மா," என்றார் டேப் மாமா.

"கிழவர்தானே மாமா நீங்க."

ஏணி மெல்ல நிமிர்ந்தார். இருபத்தேழு வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்த முகம். அதுவரை அந்த அறையில் யாரும் பார்த்திராத அளவுக்கு உயரமாக இருந்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு இல்லையா," என்றார். "இனிமே வெக்கப்பட ஒன்னுமில்ல."

கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக மனிதர்கள் முன்னால் அவர் பாடத் தொடங்கினார். மகள் புன்னகையோடு முதல் வரியைக் கேட்டாள். இரண்டாவது வரியில் தகரம் டீயை மறந்தார். மூன்றாவது வரியில் இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம் அடைத்திருந்த காது திறந்துகொண்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டார்.

அப்போது மணி 12.55. அச்சகக்காரர் வருவது இரண்டுக்கு.