பலகையில் ஒரு வாக்கியம்

திங்கட்கிழமை, காலை ஏழு மணி. கச்சிராயபாளையம் கடைத்தெருக் கோடியில் இருந்த டுடோரியலின் கதவைத் தள்ளிய இளவரசன், "ஐயோ மாமா!" என்று அலறினான். அவனுடைய அக்காள் புருஷன், ஆங்கில ஆசிரியர் தீனதயாளன், மேஜையடியில் விறைத்துக் கிடந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு பூச்சிமருந்துப் புட்டி. கரும்பலகையில் வெள்ளை வெளேரென்று ஆங்கிலத்தில் ஒரே வரி: 'ஐ ஆம் டயர்ட் ஆஃப் லிவிங்.'

வாழ்ந்து அலுத்துவிட்டது என்று அர்த்தம். வேறென்ன வேண்டும்? ஏழே காலுக்குள் தற்கொலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். கள்ளக்குறிச்சி சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். போலீஸ் மொத்தமும் சாலையில். ஸ்டேஷனில் மிச்சமிருந்தவர் கால் சுளுக்கிய ஏட்டு காசிநாதன் மட்டும்தான். அவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்று, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு தீனதயாளன்தான் கதி. எந்த வினைக்குப் பின்னால் 'ஆன்' வரும், எதற்கு 'ஃப்ரம்' வரும், அதற்கும் பின்னால் 'இங்' எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பாட்டாகவே சொல்லிக் கொடுப்பார். 'இன்சிஸ்ட் ஆன் கோயிங், ப்ரிவென்ட் ஃப்ரம் கோயிங்' என்று அவர்கள் கத்துவது பஸ் நிறுத்தம் வரை கேட்கும். அந்த ஒரு பேப்பரைத் தாண்டினால் அரசாங்க வேலை. தாண்டியவர்கள் கம்மி.

ஜெயம்மாள் அழவில்லை. "ஏட்டய்யா, எம் புருஷன் அவரா செத்தாரா, யாராவது சாவடிச்சாங்களா? அத மட்டும் சொல்லிடுங்க."

அவள் கண்ணில் படக்கூடாதென்று இளவரசன் தோள் துண்டால் பலகையைத் தேய்த்தான். எழுத்து போகவில்லை. அழுத்தித் தேய்த்தான். துண்டுதான் கறுத்தது.

"வுடு. எதையும் தொடாத," என்றார் காசிநாதன். பலகைக்குக் கீழே ஒரு கொட்டாங்குச்சி. அதில் பலகைக்குப் பூச அரைத்த கோவை இலையும் அடுப்புக்கரியும் கொஞ்சம் மிச்சம் இருந்தன.

"கடைசியா அவர யாரு பாத்தது?"

"நான்தாங்க. மாமாவுக்கு மூக்கடைப்பு. அக்கா வெச்ச சுக்குக் கஷாயத்த ராத்திரி ஒம்போது மணிக்கு தூக்குச் சட்டியில எடுத்தாந்தேன்."

"குடிச்சாரா?"

"டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். ஆறட்டும்னாரு. நான் கெளம்பசொல்ல போர்டுல இத எழுதிக்கினு இருந்தாரு. ஏதோ பாடம்னு நெனச்சேன். பாவி, எனக்குப் புரியலியே!"

"நீயும் இங்கதான பாடம் எடுக்கற? நேத்து பகல்ல எங்க இருந்த?"

"பொழுதுக்கும் பண்ணையார் வூட்டுல. அவரு புள்ளைக்கி ட்யூஷன்."

காசிநாதன் ஜெயம்மாளைத் தனியாக அழைத்தார். "ராத்திரி அவரு வரலியேன்னு நீ தேடலியா?"

"வூட்டுக்கு வராம இங்கயே படுத்துப்பாருங்க. புதுசு இல்ல."

"வூட்டுக்காரருக்கும் உன் தம்பிக்கும் ஏதாச்சும் தகராறா?"

"பண்ணையார் புள்ளைக்கி பதிலா வேற ஆள் வெச்சி இங்கிலீஷ் பரீட்ச எழுத தம்பி ஏற்பாடு பண்ணிட்டான். மேல சொல்லிடுவேன்னு இவரு கத்தினாரு. அப்புறம் சமாதானமாத்தான் இருந்தாங்க."

"கஷாயத் தூக்கு எங்க?"

"ராத்திரியே தம்பி எடுத்தாந்துட்டான். காத்தால சாம்பல் போட்டுத் தேய்ச்சி கவுத்துட்டேங்க."

பத்து மணிக்கு எஸ்.ஐ. மரங்களைத் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்தார். எரிச்சலில் இருந்தார்.

"எழுதி வெச்சிட்டே செத்திருக்கான். இன்னும் இன்னாய்யா?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுத்துப் பாக்கணுங்க ஐயா."

"எதுல அனுப்புவ? நீ தோள்ல தூக்கிக்கினு போறியா? எரிக்கச் சொல்லு."

நடுப்பகலில் கோமுகி ஆற்றங்கரையில் தீனதயாளன் எரிந்தார்.

பிற்பகல் காசிநாதன் பூமாலையைத் தேடிப் பிடித்தார். மலைக்காரி, இருபத்தைந்து வயது, பால்வாடியில் வேலை. ஆங்கிலப் பரீட்சை அவளுக்கு நாலாவது தடவை. பஸ் இல்லாமல் கீழேயே மாட்டிக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் பச்சையும் கருப்பும் அப்பியிருந்தன.

"போர்டுக்குக் கரி பூசினது நீதானா?"

"ஆமாங்க. நேத்து எம் மொற. நாலு மணிக்கு."

"காயறதுக்கு முந்தி எழுதினது யாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க. டயர்ட் ஆஃப் போட்டு சொந்தமா ஒண்ணு எழுதுன்னாரு சார். ஈரத்துல எழுதினா அழியாதேன்னு திட்டினாரு. அப்புறம் படிச்சிப் பாத்துட்டு, தப்பு இல்ல பூமாலைன்னாரு."

"அவரு எழுத்து மாதிரியே இருக்குதே?"

"அங்க படிச்சா எல்லாருக்கும் சார் எழுத்துதாங்க வரும். அதப் பாத்துத்தான எழுதறோம்."

"காத்தாலயே ஏன் சொல்லல?"

"எங்கள யாருங்க கேட்டாங்க?"

அந்த வாக்கியம் செத்தவருடையது அல்ல. உயிரோடு எதிரே நிற்பவளுடையது.

மாலை ஐந்து மணி. எஸ்.ஐ., இளவரசன், ஜெயம்மாள் மூவரும் பலகை முன்னால் நின்றார்கள். பூமாலை வாசலில் நின்றாள்.

"இளவரசா, உங்க மாமாவக் கொன்னது நீ," என்றார் காசிநாதன். "ஈரப் பலகையில எழுதினது காஞ்சா ஒட்டிக்கும். அதான் உன் துண்டுக்கு அழியல. பலகைக்குக் கரி பூசினது நாலு மணிக்கு. அந்த ஈரத்துல இந்தப் பொண்ணு எழுதிச்சி. ஒம்போது மணிக்கு அவரு எழுதறத நீ எப்டிடா பாத்த? பகல் முச்சூடும் பண்ணையார் வூட்டுல கெடந்த. கரி பூசினது உனக்குத் தெரியாது. பூச்சிமருந்து கலந்த கஷாயத்தோட வந்தப்ப இந்த வரி கண்ணுல பட்டுது. தோதா இருக்குதேன்னு ஒரு பொய்யச் சேத்துட்ட. வாய மூடிக்கினு இருந்திருந்தா நானும் தற்கொலைன்னுதான் நம்பியிருப்பேன்."

இளவரசனின் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரந்தான். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்துப் பேசினான். "பொணம் இல்ல. தூக்கையும் கழுவியாச்சி. ஒரு மலைக்காரி பேச்ச வெச்சிக்கினு கேஸ் போடுவீங்களா? பண்ணையார் உங்களப் பாக்கணும்னாரு ஐயா."

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "தற்கொலைன்னு எழுதிடு காசிநாதா. சாலையில எனக்கு வேல கெடக்குது."

பூமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். காசிநாதன் வெட்கிப்போய் நின்றார்.

ஜெயம்மாள் அவர் பக்கத்தில் வந்தாள். "அப்போ அவரா சாவல?"

"இல்லம்மா."

"தெரியாமயே இருந்திருக்கலாம் ஏட்டய்யா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அக்கா, இருட்டறதுக்குள்ள வா, வூட்டுக்குப் போலாம்," என்று தெருவிலிருந்து இளவரசன் கூப்பிட்டான். அப்பன் ஆத்தாள் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அவளும் புருஷனும் குடியிருந்ததே அவன் வீட்டில்தான்; வேறு போக்கிடம் இல்லை. ஜெயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். அன்றைக்கு ராத்திரி அவள் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.