நாட்டம் இல்லாத தொட்டி

சிறுமி கைனாத் குடியிருந்த சேலையூர் அடுக்ககத்தின் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். லிஃப்டுக்காக நாலு பேர் நின்றால்கூடக் கூட்டம் என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மண்தொட்டியும் வெண்டை விதையும் கொடுத்தார்.

“விவசாயத்துல மனுஷனுக்கு இயற்கையாவே நாட்டம் உண்டு. பொருளாதார அறிஞர்களே சொல்லியிருக்காங்க. மண்ணைப் பாத்ததும் கை தானா போகும் பாருங்க.”

எல்லார் கையும் மண்ணுக்குப் போனது. கைனாத்தின் கை மூக்கைப் பொத்தப் போனது. எரு நாற்றம்.

“சார், எனக்குப் போகலையே.”

“நீயும் மனுஷப் பிறவிதானே? போகும். அடுத்த மாசம் வேளாண்மை அதிகாரி வர்றார். அவர்கிட்ட உன் நாட்டத்தைப் பத்திச் சொல்லணும்.”

இல்லாததைப் பற்றி என்ன சொல்வது? குழப்பத்தோடு வீட்டுக்குப் போனாள்.

“அம்மா, நான் மனுஷப் பிறவிதானே?”

“ஹோம்வொர்க் முடிச்சியா?” என்றார் அக்தர் பேகம்.

குழப்பம் இரண்டு மடங்கானது.

கீழ்வீட்டு ஸ்டெபினுக்கு ஆறு வயது, நாட்டம் வழிந்தது. காலையில் விதையைத் தோண்டி வேர் விட்டதா என்று பார்ப்பான். மாலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவான். மற்றவர்களும் அப்படித்தான்.

கைனாத் அன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு விதையைப் போட்டதோடு சரி, அப்புறம் தொட்டியைத் தொடவே இல்லை. பள்ளிக்கூட பாட்டிலில் தண்ணீர் மிஞ்சினால் அம்மா திட்டுவார். அதை மட்டும் தினமும் ரகசியமாக அதில் கொட்டிவிட்டுப் போவாள்.

அதிகாரி வந்தார். எல்லாத் தொட்டியிலும் சேறு. ஒரே ஒரு தொட்டியில் சாண் உயரத்துக்கு வெண்டைச் செடி.

“பாத்தீங்களா, கைனாத்தோட இயற்கையான நாட்டம்!” என்றார் தலைவர். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவை எடுத்தார்.

ஸ்டெபினின் உதடு துடித்தது. “அப்போ எனக்கு இல்லையா அக்கா?”

சும்மா நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் அழப்போகிறான்.

“சார், நாட்டம் இவனுக்குத்தான் நிறைய. எனக்குச் சுத்தமா இல்ல. அதனால நான் விதையைத் தொந்தரவு பண்ணல. முளைக்கணும்னு விதைக்குத்தான் நாட்டம் இருந்திருக்கு.”

தலைவர் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. குடியிருப்பவர்கள் அதை முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

“அப்போ நான் மனுஷப் பிறவி இல்லையா சார்?” என்று கைனாத் அதிகாரியைக் கேட்டாள்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். “எனக்கும் மண்ணு ஒத்துக்காதும்மா. வேற துறைக்கு மாத்தல் கேட்டிருக்கேன்.”

கைனாத்துக்கு உயிர் வந்தது.

ஸ்டெபின் மூக்கைத் துடைத்துக்கொண்டான். புது விதை போட்டுத் தன் தொட்டியை அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

“அக்கா, இதையும் நீங்களே கவனிக்காம பாத்துக்குங்க.”