பத்து லட்சத்து மூன்று முடிச்சுகள்

ஆய்சோல்தான் என்ற நெசவுக்காரி அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இறந்துபோன தங்கையோடு அவள் நாலு குளிர்காலம் உட்கார்ந்து நெய்த கம்பளத்தை, தன் வீட்டிலிருந்து திருடியது என்கிறான் வியாபாரி நூர்பெர்தி. தெஜென் ஊர்ப் பெரியவர்கள் அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். மாலையில் தீர்ப்பு.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஹோஜாகெல்தி அவளுக்குப் பச்சைத் தேநீர் ஊற்றிவிட்டு, அவன் காட்டும் சாட்சி என்ன என்று கேட்டார்.

"முடிச்சு முடிச்சா எண்ணினானாம். பத்து லட்சத்து மூணாம். நெய்ஞ்சு முடிச்சதை எண்ணினா கண்ணுபடும்னு நாங்க எண்ணவே மாட்டோம்ண்ணே. அது அவனுக்கும் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான எசென், ஹோஜாகெல்தியின் நிழல் மாதிரி. பூட்டை உடைத்தாவது எண்ணிவிடலாம் என்று துள்ளினான். ஹோஜாகெல்தி அவனை உட்கார வைத்தார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் பத்து லட்சத்து மூன்று வரும் என்று மட்டும் பார்க்கச் சொன்னார். அந்த இரண்டில் ஏதாவது ஒன்று ஆயிரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதால் அதற்குமேல் தேட வேண்டியதில்லை.

எசென் வகுத்தான். ஏழால் வகுத்தால் நாலு மிச்சம். பதினொன்று, பதின்மூன்று, எதற்கும் மசியவில்லை. மதியச் சாப்பாட்டையும் மறந்து ஆயிரம்வரை போய்ப் பார்த்துவிட்டு, தோற்றவன் முகத்தோடு வந்தான். ஹோஜாகெல்தி அவன் முதுகில் தட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பெரியவர்கள் முன்னால் நூர்பெர்தி கம்பளத்தின் பூக்களை ஒவ்வொன்றாக வர்ணித்தான். ஊரில் நாலு கல்யாணத்தில் அதை விரித்திருந்தபோது பார்த்தவனுக்கு அது கஷ்டமில்லை.

"ஓரம் எப்படி தம்பி? எங்கேயாவது கோணல் உண்டா?" என்று ஹோஜாகெல்தி கேட்டார்.

"என்ன பேச்சு பேசுறீங்க? வரிசைக்கு வரிசை ஒரு முடிச்சு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"எண்ணினது சரிதானே? ஒண்ணு ரெண்டு தவறியிருக்குமோ?"

"ரெண்டு தடவை எண்ணினேன். எங்கே வேணா சத்தியம் பண்றேன்."

ஹோஜாகெல்தி பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லா வரிசையும் சமம்னா, வரிசைக் கணக்கையும் ஒரு வரிசையில இருக்கிற முடிச்சுக் கணக்கையும் பெருக்கினா மொத்தம் வரணும். இந்த எண்ணை அப்படி ரெண்டாப் பிரிக்கவே முடியாது. வாத்தியார் பார்த்துட்டார். தம்பி சொல்ற கம்பளம் உண்மைன்னா, அது ஒரே ஒரு முடிச்சு அகலமும் பத்து லட்சத்து மூணு முடிச்சு நீளமும் இருக்கணும்."

ஒரு கிழவர் தாடிக்குள் சிரித்தார். "ஒட்டகத்துக்கு மூக்கணாங்கயிறு நெய்ஞ்சிருக்கான்யா."

தன் தோல்வி எதற்குப் பயன்பட்டது என்று எசெனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெறும் பத்து லட்சம்னு சொன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றான்னு நினைப்பாங்கன்னு பயந்து மூணைச் சேர்த்துக்கிட்டான். அந்தக் கூடுதல் சாமர்த்தியத்தைக் காட்டாம இருந்திருந்தா மாட்டியிருக்க மாட்டான். ஆயிரம் வரிசைக்கு ஆயிரம் முடிச்சு, அழகாப் பிரியும்" என்றார் ஹோஜாகெல்தி.

பெரியவர்கள் பூட்டைத் திறந்து கம்பளத்தை ஆய்சோல்தானின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைச் சுருட்டவில்லை. முற்றத்தில் அகல விரித்தாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நூர்பெர்தியைப் பார்த்து, "உக்காந்து எண்ணிட்டுப் போயேன், அவசரமில்ல" என்றாள்.

பிறகு சிரித்தாள். தங்கையை அடக்கம் செய்தபின் அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.