பதினேழாம் கிண்ணம்

தம்பியைப் பறிகொடுத்த எட்டாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு காலத்தில் மனநோயாளிகளைப் பூட்டி வைத்திருந்த வார்டுதான் இப்போது ஆய்வுக்கூடம். ஜன்னல் கம்பிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். நோயாளிகள் கொடுத்த துளித் தோலிலிருந்து வளர்த்த நரம்பு செல்கள் அவற்றில் இருந்தன. அவை துடித்தால் ஸ்பீக்கரில் டக்கென்று கேட்கும். எது யாருடையது என்று ஆராய்பவளுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். பெயர்களைப் பூட்டி வைத்திருக்கும் டெக்னீஷியனுக்குப் 'பட்டியல்' என்றே பெயர் வந்துவிட்டது.

தம்பியும் தோல் கொடுத்திருந்தான். "என் மண்டைக்குள்ள பேசுறது யாருன்னு நீயாவது கண்டுபிடி அக்கா," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

ஒவ்வொரு கிண்ணமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் வழக்கம்போலத் தாறுமாறான சத்தம்தான். பதினேழுக்கு வந்தாள்.

டக் டக் டக். டக் டக்.

அவள் ஸ்பீக்கரை நெருங்கிக் காதை வைத்தாள்.

குரல்கள் மிரட்டும்போதெல்லாம் தம்பி அவள் அறைக்கதவை அப்படித்தான் தட்டுவான். அவள் உள்ளிருந்து மேசையை ஒரு தட்டு தட்டினால் வரலாம் என்று அர்த்தம். வந்து கட்டிலின் கால்மாட்டில் பேசாமல் உட்கார்ந்துகொள்வான். கடைசியாக அவன் தட்டியபோது அவனுடைய நோயைப் பற்றித்தான் அவள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சதா இதே தொந்தரவு என்று எரிச்சல்பட்டு, பதில் தட்டாமல் இருந்துவிட்டாள், பாவி. விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

"அண்ணே, பதினேழு யாரு?" என்று கிசுகிசுத்தாள்.

பட்டியல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுல உசிரே இல்லம்மா. போன செவ்வாய்க்கிழமையே எல்லாம் செத்துப்போச்சு. தூக்கிப்போட எனக்குத்தான் மனசு வரல."

தம்பி போனதும் அதே செவ்வாய்க்கிழமைதான்.

டக் டக் டக். டக் டக்.

"வாடா," என்றாள். சத்தம் நிற்கவில்லை. கிண்ணத்துக்குக் காது ஏது? செல்களுக்கு மின்சாரம் அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது. அதை ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

நின்றுவிட்டது.

அன்று மாலை வீட்டில் அறைக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கட்டிலில் சுருண்டு படுத்து வாய்விட்டு அழுதாள்.

யாரும் தட்டவில்லை.

கால்மாட்டில் மட்டும் மெத்தை மெல்ல அமுங்கியது.