காய்ப்பு ஏறாத முழங்கால்

தடாலென்று வாசல் பெஞ்சு கவிழ்ந்தது. டாக்டர் சந்திரசேகரன் எழுந்து ஓடினார். படியேறும்போது கால் நழுவி, பெஞ்சைப் பிடித்துச் சாய்த்திருந்தாள் அமலம்மாள். வயது அறுபத்திரண்டு. மகள் ஐரீன் அவளைத் தாங்கி நின்றாள்.

"அம்மாவுக்கு ரெண்டு மாசமா முழங்கால் வலி டாக்டர். எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம். நாளைக்கு உருவுற ஆளு வர்றான், இழுத்துவிட்டா சரியாகிடும்லா."

"எதனால வந்தது?"

"மண்டி போட்டுத்தான். ரங்கூன்ல இருக்கிற தம்பி ஆர்தர், வீட்டுக்கு வர்றேன்னு ஈஸ்டருக்கு எழுதினான். அன்னையிலிருந்து அம்மாவுக்குக் கோயில்தான் கதி. நான் பாடம் நடத்திட்டு சாயங்காலம்தான் வீடு திரும்புறேன், யார் தடுக்கிறது?"

"கேஸ் முடிஞ்சுச்சு டாக்டர்!" என்றார் கம்பவுண்டர் ஹபீப் முகம்மது. "மண்டி போடறதை நிறுத்தினா வலி ஓடிடும்."

டாக்டர் முழங்காலை அழுத்தினார், மடக்கினார். அமலம்மாள் முகம் சுளிக்கவில்லை. தொடையை மெல்ல உள்பக்கம் திருப்பியதும், "ஐயோ மாதாவே!" என்று தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வலி காட்டுறது முழங்கால்ல, கோளாறு தொடை எலும்போட கழுத்தில. விரிசல்னு நினைக்கிறேன்."

"முன்னாடி எங்கேயும் விழலையே டாக்டர்?" என்றார் ஹபீப்.

"கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கிறதில்லையா? வயசான எலும்பு, நடந்து நடந்தே விரியும். ஐரீன், இந்தச் செருப்பு எப்ப வாங்கினது?"

"ஈஸ்டருக்கு."

டாக்டர் செருப்பைத் திருப்பினார். குதிகால் முழுக்கத் தேய்ந்திருந்தது. "கோயில் எவ்வளவு தூரம்?"

"எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல."

"அப்போ தினம் பல மைல் நடந்தது எங்கே? ரெண்டு மாசம் மண்டி போட்ட முழங்கால்ல ஒரு காய்ப்பு கூட இல்லையே, ஹபீப்!"

ஹபீப் குனிந்து முழங்காலைப் பார்த்தார்.

"இடுப்பைப் படம் எடுப்போம். புது விரிசல் உடனே தெரியாமலும் போகலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தா கோடு தெரியும். அதுவரைக்கும் இந்தக் கால் தரையில படக்கூடாது. உருவுறவனை நிறுத்துங்க. எலும்பு முறிஞ்சா அப்புறம் நடையே இல்லை."

அமலம்மாளின் கண்கள் நிறைந்தன. "நாளைக்கு மட்டும் போயிட்டு வந்துடறேனே, டாக்டர்?"

"எங்கேம்மா?" என்றாள் ஐரீன்.

"துறைமுகத்துக்கு. எந்தக் கப்பல்ல வர்றான்னு அவன் எழுதலடி. அதான் எல்லாக் கப்பலுக்கும் போனேன்."